கழிமுகத்தில் நாற்பது படகுகள்

கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் தேசம்மா, விரல்கள் ஏன் புண்ணாகின்றன என்று ஊரார் கேள்விகளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் கரையில் நட்டிருந்த ஒலிவாங்கிக் கம்பத்திடம் கேட்டாள். கேட்ட கையோடு வீட்டுக்கு ஓடி, ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ்களைக் கவரில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அதற்குள் நாற்பது ஆய்வுப் படகுகள் வந்து நின்றிருந்தன.

இறங்கி வந்த பேராசிரியையிடம் கவரை நீட்டினாள்.

“மூணு காப்பி இருக்கு மேடம். பத்தலன்னா எடுத்துட்டு வரேன்.”

“அதெல்லாம் வேணாம்க்கா. இது உங்க ஆராய்ச்சி. நீங்க காட்டுற எடத்துலதான் தண்ணி எடுப்போம்.”

இதே கேள்வியை ஆராய அனுமதிக் கையெழுத்து வாங்கப் பதினோரு வருஷம் அலைந்துதான் தேசம்மாவின் அம்மா செத்துப்போனாள்.

புண்ணான விரலை மெல்லத் தூக்கி வடக்கே காட்டினாள். நாற்பது படகுகளும் வடக்கே திரும்பின.