பிறந்தநாள் அடிதடி

தன்னோடு வேலை பார்த்து, தன் சம்பளமே வாங்குகிற குண்டுவால் மட்டும் எப்படி மண்டபம் பிடித்து விருந்து வைக்க முடிந்தது? எந்த லிஃப்ட் நின்றாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக்குக்கு, இது மட்டும் பிடிபடவே இல்லை.

லிஃப்டில் ஒரு விதி உண்டு. பெட்டி மேலே ஏறினால், கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை கீழே இறங்கியே ஆக வேண்டும். போன மாதம் குண்டு தன் மகனின் பிறந்தநாளை இன்று மெக்கானிக்கின் மகள் பிறந்தநாள் நடக்கும் இதே மண்டபத்தில், இதே கூட்டத்தைக் கூப்பிட்டு நடத்தினான். பாவம், மாமனாருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து, பந்தி போடும் முன்பே கூட்டம் கலைந்தது. அதற்காகச் செலவு இல்லாமல் போகுமா? ஆனால் குண்டு வீட்டில் எதுவும் இறங்கியதாகத் தெரியவில்லை. மனைவி காதில் தோடு அப்படியே இருக்கிறது, வண்டியும் வாசலில் நிற்கிறது.

"எத்தனை நாளைக்குத்தான் நம்ம பொண்ணு அடுத்தவங்க வீட்டுக் கேக்கையே தின்னுட்டு வருவா? இந்த வருஷம் நாமளும் கூப்பிட்டே ஆகணும்" என்று மெக்கானிக்கின் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள்.

கூப்பிட்டாயிற்று. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் இப்போது அவர் சட்டைப் பையில் கனத்தது. சாப்பாடு முடிந்ததும் அது மண்டப மேனேஜர் கைக்குப் போய்விடும். அப்புறம் பள்ளிக்கூடத்து வாசலில் போய் என்ன சொல்வது?

கேக் வெட்டியாயிற்று. மனைவி குழந்தைகளையெல்லாம் பின்பக்கத் தோட்டத்துக்கு விளையாட ஓட்டிக்கொண்டு போனாள். "எல்லாரும் சாப்பிட..." என்று மெக்கானிக் வாயெடுத்த நேரத்தில், பின்னால் ஒரு நாற்காலி தடாலென்று விழுந்தது.

"எங்க அக்கா வீட்டு விசேஷத்துல என்னையே யாருன்னு கேக்கறியா நீ?" அவருடைய மச்சினன், அவருடைய தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"ஆமாடா, கேட்டேன். ஓசிச் சோறுன்னதும் மொத ஆளா வந்து நிக்கறியே, வெக்கமா இல்ல?"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. தம்பி தடுமாறி பலூன் வளைவுக்குள் போய் விழ, பலூன்கள் படபடவென்று வெடித்தன. எழுந்த வேகத்தில் தலையைக் குனிந்து மச்சினனின் வயிற்றில் முட்டினான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். மீதிக் கேக் தரையில் நசுங்கியது. வெள்ளைக் க்ரீமில் ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"டேய், விடுங்கடா! உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்டா!" மெக்கானிக் நடுவில் பாய்ந்தார். யாருடைய முழங்கையோ அவர் விலாவில் இறங்கியது. மூச்சு நின்றுபோய்ச் சுவரோடு சாய்ந்தார்.

தம்பி உதடு கிழிந்து பின்பக்கமாகச் சரிந்தான். சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கியிருந்த மேசை அவன் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது. மச்சினன் எட்டி அவன் காலரைப் பிடித்தான். மண்டபத்தின் நடுவுக்குத் தரதரவென்று இழுத்து வந்து, அங்கே வைத்து மறுபடி குத்தினான்.

"ஐயோ, கொன்னே போட்டுடுவான் போலிருக்கே!" என்று பக்கத்து வீட்டுக்காரி அலறினாள். பெண்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடித் தோட்டத்துக்கு ஓடினார்கள். ஆண்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நழுவினார்கள்.

கடைசியாகக் கிளம்பிய குண்டு, மெக்கானிக்கின் தோளில் தட்டினான். "பிரமாதம்ப்பா. எங்க வீட்டு விசேஷமெல்லாம் இதுக்குப் பக்கத்துல வர முடியாது."

அந்தக் குத்தல்தான் சுருக்கென்று தைத்தது. மெக்கானிக்குக்குக் கண்மண் தெரியவில்லை. இரும்புக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அது. நேரே மச்சினனிடம் போய், முழங்கையைப் பின்னால் இழுத்து, இடுப்பைத் திருப்பி, உடம்பின் மொத்த எடையையும் அந்த ஒரு குத்தில் இறக்கினார்.

மச்சினனின் மூக்கு மளுக்கென்றது. அவன் மடங்கி உட்கார்ந்தான். விரல் இடுக்குகளில் ரத்தம் கொப்புளித்து முழங்கை வரை ஓடியது.

தோட்டத்திலிருந்து மனைவி ஓடி வந்தாள். "அடப்பாவி மனுஷா! அவன எதுக்கு அடிச்சீங்க?"

"எதுக்கா? கொன்னே போட்டிருக்கணும்! வந்தவங்க ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டாங்க. பொண்ணு ஃபீஸ் பணமும் போச்சு, மானமும் போச்சு!"

அவள் ஈரத் துண்டைத் தேடி ஓடினாள். மேனேஜர் பணம் கேட்டு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்களை விட்டு, சாப்பாட்டுப் பாத்திரங்களை அப்படியே மாடி மண்டபத்து விருந்துக்குத் தூக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். கிழிந்த உதட்டோடு தம்பி தரையில் உட்கார்ந்து, மச்சினனின் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்தான். "ரொம்ப வலிக்குதா மச்சான்? அண்ணன் வந்து அடிப்பாருன்னு நாம நெனைக்கவே இல்லியே."

மச்சினன் மூக்கைப் பொத்திக்கொண்டே மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தான்.

"மூடி தொறக்காத சாப்பாட்டுக்கு இங்க காசு வாங்க மாட்டாங்க, மாமா."