யார் முதலில்?

"மாஸ்டர், ஒரு சின்ன உதவி. சொர்ணத்துக்கு மட்டும் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க. அவளுக்கு முட்டி வலி."

மிளகாய் வத்தல் மண்டி ரத்தினசாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தினமும் காலையில் உடற்பயிற்சி வகுப்பு நடத்துபவர் பலவேசம். அவர் திரும்பிப் பார்த்தார். ரத்தினசாமியின் மனைவி சொர்ணலட்சுமி, சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். முட்டி வலிக்கிறவள் ஓடுகிற ஓட்டமாகத் தெரியவில்லை.

"பாத்துக்கிடுறேன் அண்ணாச்சி" என்றார் பலவேசம்.

வகுப்பு முடிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சொர்ணலட்சுமி தனியாக வந்தாள்.

"மாஸ்டர், அவுகள ரொம்ப விரட்டாதீக. படுத்தா காலு பிடிச்சு இழுக்குதுங்கிறாக. நா சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக."

பலவேசம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

இந்த இருவரும் தை மாதம் வந்து சேர்வதற்கு முன்னால், வகுப்பை மூடிவிடலாமா என்றுகூட அவர் யோசித்ததுண்டு. டாக்டர் பயமுறுத்தியதும் ஆட்கள் வருவார்கள், உடம்பு வலித்ததும் நின்றுவிடுவார்கள். இவர்கள் மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மழை பெய்தால் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று குனிந்து நிமிர்ந்தார்கள். மண்டியில் வத்தல் வரத்து உச்சத்தில் இருந்தபோதும், செல்போன் அடிக்க அடிக்க அதை எடுக்காமல் ஓடினார் ரத்தினசாமி. இவர்களைப் பார்த்துத்தான் எண்ணெய் மில் பெத்தணன் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். "அண்ணாச்சியும் அக்காவுமே ஓடுறாக, நமக்கு என்ன கேடு?" என்று அடுத்தடுத்துப் பல ஜோடிகள் சேர்ந்தன. இப்போது வரிசையில் நிற்க இடம் போதவில்லை.

ஆனால் ஒன்று. சனிக்கிழமை எடை பார்க்கும்போது, இருவரும் தங்கள் எடையைவிட அடுத்தவர் எடையைத்தான் எட்டி எட்டிப் பார்த்தார்கள். குறைந்தவர் முகம் மலரும், மற்றவர் முகம் வாடும். புருஷன் பொண்டாட்டிக்குள் விளையாட்டுப் போட்டி என்றுதான் பலவேசம் நினைத்திருந்தார்.

அந்த வாரம்தான் விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் ரத்தினசாமி நின்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிக்கொண்டிருந்தார். பலவேசத்தைப் பார்த்ததும் அசடு வழிந்தார். "சொர்ணத்துக்கு மாஸ்டர். பால்கோவான்னா அவ விட மாட்டா."

மறுநாள் சாயங்காலம் புரோட்டாக் கடை வாசலில் சொர்ணலட்சுமி. கையில் எண்ணெய் கசிகிற பொட்டலம். "அவுகளுக்கு எண்ணெய்ப் புரோட்டான்னா உசுரு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டாள்.

பலவேசத்துக்கு மனசு சங்கடமாகிவிட்டது. ஊரே இவர்களைப் பார்த்து ஓட வருகிறது. இவர்களோ ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பார்க்கிறார்களே!

சனிக்கிழமை வந்தது. எடை மிஷினில் முதலில் ரத்தினசாமி ஏறினார். குறைந்திருந்தது. அடுத்து சொர்ணலட்சுமி ஏறினாள். அவளுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பெத்தணன் தன் புது கேமரா செல்போனில் படம் எடுத்தான்.

ரத்தினசாமி மட்டும் கை தட்டவில்லை. "மிஷின் சரியில்ல மாஸ்டர்" என்றார்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. நா முந்திட்டேன்னு ஒத்துக்கிடுங்க" என்றாள் சொர்ணலட்சுமி.

ரத்தினசாமி மறுபடியும் மிஷினில் ஏறி நின்றார். பலவேசத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, இருவரையும் மைதானத்து மேடைப் படியில் உட்காரவைத்தார்.

"தப்பா நெனைக்காதீக. அண்ணாச்சி, நீங்க அக்காவுக்குப் பால்கோவா வாங்குறீக. அக்கா, நீங்க அண்ணாச்சிக்கு எண்ணெய்ப் புரோட்டா வாங்குறீக. போதாக்குறைக்கு ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து அவுகள ஓட விடாத, இவள ஓட விடாதங்கிறீக. இது நல்லாவா இருக்கு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பால்கோவால ஒரு துளிகூட நா வாயில வைக்கல. எல்லாம் எதுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிருச்சு" என்றாள் சொர்ணலட்சுமி.

"நீ குடுத்த புரோட்டா எல்லாம் மண்டியில மூட்டை தூக்குறவங்களுக்குத்தான் போச்சு" என்றார் ரத்தினசாமி.

சொல்லி முடிக்கும் முன்பே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பலவேசத்தாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

"சரிதான் போங்க! இம்புட்டு தூரம் போட்டி போட்டு, யார் முந்தி என்ன ஆகப் போகுது?"

சிரிப்பு சட்டென்று நின்றது. ரத்தினசாமி மைதானத்தைப் பார்த்தபடி பேசினார்.

"எங்க மக ரோஷினிக்கு ஈரல் கெட்டுப்போச்சு மாஸ்டர். எங்க ரெண்டு பேரு ஈரலும் பொருந்துது, ஆனா ரெண்டுலயும் கொழுப்பு. யாருக்கு மொதல்ல கரையுதோ, அவுககிட்ட இருந்து ஒரு பகுதியை அறுத்து எடுத்துப் பிள்ளைக்கு வைக்கலாம்னு மெட்ராஸ் டாக்டர் சொல்லியிருக்காரு. இவ மேல கத்தி படக்கூடாதுன்னுதான் நா ஓடுறேன்."

சொர்ணலட்சுமி ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "நானும் அதுக்குத்தான் மாஸ்டர்" என்றாள்.