இரண்டாவது குளியல்

எங்கள் அடுக்ககம் ஐந்து நட்சத்திரப் பசுமைச் சான்று பெற்றது. ஆளுக்கு ஒரு நாளில் ஒரு குளியல்தான். மறுமுறை குளித்தால் காரணம் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கால் கழுவக் குழாயைத் திறந்தேன். குளியலறைச் சுவர்த்திரையில் கடைசிப் பதிவு ஒளிர்ந்தது.

"மதியழகன், இன்று இரண்டாவது குளியல். காரணம்: துக்க வீட்டுக்குப் போய் வந்தது. இறந்தவர்: மாமனார். அனுமதிக்கப்பட்டது."

என் கணவருக்கு மாமனார் என்றால் என் அப்பா.

அவர் கூடத்தில் ஈரத் தலையோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவ எடுத்துட்டாங்களா?"

டம்ளர் பாதியில் நின்றது. "பன்னெண்டு மணிக்கே எடுத்துட்டாங்க. சொத்துக் கேஸ் போட்டவ வாசல மிதிக்கக் கூடாதுன்னு உங்கண்ணன் சொல்லிட்டாரு. நீ வந்தா சண்டையாகும்னுதான்..."

"எங்கிட்ட மறைச்சீங்க. குழாய்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லியிருக்கீங்க."

"சொல்லலைன்னா நம்ம கட்டடத்துக்கு ஒரு நட்சத்திரம் போயிடுமே, கொடி."

திறந்து விட்ட குழாயை மூடப் போனேன். திரை மறுபடி ஒளிர்ந்தது.

"பொற்கொடி, இறந்தவரின் மகள். தலைக்குக் குளிக்க உங்களுக்கும் நாற்பது லிட்டர் ஒதுக்கப்பட்டுள்ளது. இன்றே பயன்படுத்தவும்."