கஜிவாராவுக்குக் கிடைத்த கைதட்டல்

"அரிசி டப்பாவுக்குள்ள தலைய விட்டு வாந்தி எடுத்தேங்க!" என்று சொல்லி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கஜிவாரா சரியான இடத்தில் குரலை உடைத்தார். மடிப்புக் கலையாத கைக்குட்டை வெளியே வந்தது.

குடியை விட்டவர்கள் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டம் மொத்தமும் உச்சுக் கொட்டியது. பக்கத்திலிருந்த மனைவி சுமியே அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள். இந்த வரியைக் காலையில் கண்ணாடி முன் நின்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்த மனுஷன்.

"சமையலுக்கு ஊத்துற சாக்கே மதுவக்கூட விடலைங்க. வாஷிங் மெஷின் பின்னாடிதான் பாட்டில ஒளிச்சு வைப்பேன்."

அந்த மெஷினை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது.

சங்கத் தலைவர் ஓனோதெரா சுமியேவின் காதருகே குனிந்தார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி மனசு விட்டுப் பேச இந்த ஊர்லயே ஆள் இல்லம்மா. கேட்டா எனக்கே இன்னொரு தடவை திருந்தலாம்போல இருக்கு!"

சங்கத்துக்கு வந்த முதல் நாள் வாசலில் இவர்தான் தம்பதியை ஒரு பார்வை பார்த்தார். எதுவும் கேட்காமலே கஜிவாராவின் கோட்டில் 'உறுப்பினர்' என்ற பட்டையைக் குத்தினார், சுமியேவுக்கு 'குடும்பத்தார்'. கஜிவாரா மார்பை நிமிர்த்திக் காட்டினார்.

போன வாரம்கூட ஆஸ்பத்திரியில் டாக்டர் நிஷிகாதா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "என் மருந்தும் ஆலோசனையும் பாதி வேலைதான் செய்யும். மீதி, சங்கத்துல நாலு பேர் முன்னாடி நிஜத்தச் சொல்றதுல இருக்கு. இன்னொரு தடவை குடி ஆரம்பிச்சா கல்லீரல் தாங்காது."

"சொல்லிட்டுத்தானே இருக்கோம், டாக்டர்" என்று கஜிவாரா பணிவாகத் தலைவணங்கினார்.

மூன்று நாளாக வீட்டில் அந்தப் பழைய தாகம் மறுபடி தலைகாட்டுவது சுமியேவுக்குத் தெரியும்.

இப்போது ஓனோதெரா ஒரு வருடச் சான்றிதழை நீட்டினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கஜிவாரா இடப்பக்கம் ஒரு வணக்கம், வலப்பக்கம் ஒரு வணக்கம், யாருமில்லாத ஜன்னல் பக்கம் ஒன்று வைத்தார்.

"இது எனக்கில்ல. என் சம்சாரத்தோட பொறுமைக்கு!"

சுமியே நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"குடும்பத்தார் பேச அப்புறம் நேரம் தர்றோம்மா" என்றார் ஓனோதெரா.

கஜிவாரா சிரிப்பைக் கலைக்காமல் பல்லைக் கடித்தார். "உட்காரு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றாள் சுமியே. கூட்டத்தைப் பார்த்துத் தலைவணங்கினாள்.

"இவர் அழுதது பூரா என் கதைங்க. குடிச்சது நான்."