பெரிய வெள்ளிக்கு நாலு பன்

கிளெமென்ட் அங்கிள் எப்படியாவது பில் கொடுத்துவிட வேண்டுமே என்று, வரிசையில் நின்றபடியே டோரீன் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாளை பெரிய வெள்ளி. சிலுவைக் கீறல் போட்ட பன்னுக்காகக் காக்ஸ் டவுனில் பாதிப் பேர் கிளெமென்ட் அங்கிளின் பேக்கரி வாசலில்தான் நின்றார்கள். கண்ணாடியில், பணம் கணக்கில் ஏறாமலிருக்க க்யூ.ஆர். அட்டையைக் கிழித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. நோட்டு உள்ளே போனது, பன் வெளியே வந்தது. ஒருத்தர் கையிலும் பில் இல்லை. அட கடவுளே, இந்த மனுஷன் ஒருத்தருக்காவது எழுதிக் கொடுக்கக் கூடாதா!

வணிகவரித் துறையில் சேர்ந்த பிறகு அவளுக்கு இதுதான் முதல் சோதனை. பொருளை வாங்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும், பில்லை மட்டும் வாய் திறந்து கேட்கக் கூடாது. வராவிட்டால் ஒரு மிஸ்டு கால். தெருமுனையில் காருக்குள் இருக்கும் அதிகாரி முனிகிருஷ்ணன் இறங்கி வந்துவிடுவார். அப்புறம் அபராதம், விசாரணை. அங்கிளுக்கு ஈஸ்டர் அவ்வளவுதான்.

சர்ச் பெண் போனால் யாருக்கும் சந்தேகமே வராது என்று அவளை அனுப்பியதே முனிகிருஷ்ணன்தான். இது தன் சொந்தப் பங்குக் கோயில் வட்டாரம் என்று சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அப்பா செத்த வருஷம் அவளுடைய புதுநன்மை விருந்துக்குக் கேக் செய்து வீட்டுக்கே கொண்டுவந்தவர் இந்த அங்கிள் என்பதையும் விழுங்கிவிட்டாள்.

அவள் முறை வந்தது. நாலு பன் கேட்டாள்.

கிளெமென்ட் காசை வாங்கிப் போட்டார். மேசைக்கு அடியில் குனிந்து, இதுவரை பிரிக்காத பில் புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். கார்பன் தாளைச் செருகி, முதல் பக்கத்தில் நிதானமாக எழுதிக் கிழித்து நீட்டினார்.

அப்பாடா! டோரீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் பொட்டலம் கனத்தது. பிரித்துப் பார்த்தால் ஆறு.

"ரெண்டு, கார்ல உக்காந்திருக்காரே, அந்த சாருக்கு. அதுக்கும் சேத்துத்தாம்மா பில்லு."

டோரீன் கூனிக்குறுகிப் போனாள். "எப்படித் தெரியும் அங்கிள்?" என்று முணுமுணுத்தாள்.

கிளெமென்ட் அடுத்தவருக்குப் பன் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"உனக்கு டாக்ஸ் ஆபீஸ்ல வேலை கிடைக்கணும்னு போன வருஷம் பூரா உங்கம்மா பூசையில வேண்டுதல் வெச்சாங்களே. நானுந்தானேம்மா முழங்கால் போட்டேன்."