மூன்றாம் மாடி ஸ்டூல்

சுசீலாபாய் இன்றைக்கும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். மற்ற பதினான்கு பெண்களும் காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டிருக்க, இந்த அம்மாள் மட்டும் கவுண்டருக்கு வெளியே, வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த ஸ்டூலில், மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தார்.

கிழக்கேகோட்டையில் இருந்த அந்தத் துணிக்கடைக்கு ஜெயன் மேனேஜராக வந்து எட்டு நாள்தான் ஆகிறது. மூன்றாம் மாடி சேலைப் பிரிவில் தன் பேச்சு எத்தனை தூரம் எடுபடும் என்பது வந்த மறுநாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எதைச் சொன்னாலும் பெண்கள் சரி சார் என்பார்கள். பிறகு ஒரு தடவை ஸ்டூல் பக்கம் பார்ப்பார்கள். சுசீலாபாய் தலையசைத்தால் வேலை நடக்கும். அசைக்காவிட்டால், அவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு சேலை நகராது.

சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம் என்று எழுதி ஒட்டினான். அந்தத் தாள் சுவரிலேயே இருந்தது. ஒரு மணிக்கு அத்தனை பேரும் சேலைகளை மடித்து வைத்துவிட்டுப் போய், வழக்கம்போல் ஒன்றே முக்காலுக்குத் திரும்பினார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை.

சித்திரை விஷுவிலிருந்து கடையில் எல்லாருக்கும் நீலச் சேலைதான் யூனிபார்ம். சுசீலாபாய் மட்டும் பழைய யூனிபார்மான பச்சைச் சேலையில் வந்தார். பெயர் அட்டைகூடக் குத்துவதில்லை. இப்படியும் ஒரு திமிரா என்று நினைத்தானே தவிர, ஜெயனுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச காலமாகவே அவனுக்கு எதுவும் வருவதில்லை.

நேற்று ஹெட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பெண்களை ஆட்டிவைக்கிற அந்த ஆளை ஓண விற்பனை தொடங்குமுன் அனுப்பியாக வேண்டும். முடியாவிட்டால் அவனே வேலையை விட்டுச் சொந்த ஊரான மார்த்தாண்டத்துக்குப் பெட்டி கட்டலாம் என்றார்கள். நாற்பத்தேழு வயதில் இன்னொரு வேலை கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

வேலைநீக்கக் கடிதம் அடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாக் கிளைக்கும் ஒரே கடிதம்தான். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். பணியாளர் எண்ணை மட்டும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று இடம் விட்டான். முன்பெல்லாம் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. இது பதினோராவது. கை மரத்துவிட்டது, மனசும்தான்.

சுசீலாபாயை அறைக்கு வரச் சொல்லி அஞ்சு என்ற சேல்ஸ் பெண்ணிடம் சொன்னான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னதைச் செய் என்றான். அவள் ஸ்டூலைப் பார்த்தாள். சுசீலாபாய் தலையசைத்துவிட்டு, தானே எழுந்து வந்தார்.

நாற்காலியைக் காட்டினான். உட்கார்ந்தார்.

"நீங்க சூப்பர்வைசர் இல்ல, யூனியன் லீடரும் இல்ல. பின்ன எதுக்கு எல்லாரும் உங்க மொகத்தையே பாக்கணும்?"

"எனக்கும் அறியாது சாரே. பிள்ளைகளுக்குக் கால் கடுக்குது, ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்கன்னு ஒரு தடவ கேட்டேன். அன்னையிலேர்ந்து பாக்குதுவ."

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது அந்தக் குரல். ஜெயன் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினான். அவர் முதல் வரியைப் பார்த்தார், மேலே படிக்கவில்லை. அழவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. இதுவரை பத்துப் பேரும் ஏதாவது கேட்டிருந்தார்கள்.

"உங்க மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல," என்றான்.

"தெரியும் சாரே. பாவம், நீங்க என்ன செய்வீங்க."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினான்கு பெண்களும் இந்த அறையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயன் பேனாவைத் திறந்து, பணியாளர் எண் என்ன என்று கேட்டான்.

சுசீலாபாய் மடியிலிருந்த பையைத் திறந்து, மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நம்பர் இதுல உண்டு. போன ஓணத்துக்கே என்னைய அனுப்பியாச்சு, சாரே."