பத்துக்கு எட்டரை

இடமிருந்து வலம் ஒன்பது மட்டும் மசிய மாட்டேன் என்றது.

'மிக உறைப்பானது, நாற்காலியோடு வரும் (5).'

மிளகாய் என்றால் நாலு எழுத்துதான். அதோடு மிளகாய்க்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்?

பேனா மூடியைக் கடித்தாள்.

அடுத்த அறையில் செய்தித்தாள் சரசரத்தது. அது படிக்கிற சத்தம் இல்லை. புதிர் போட்ட மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'கரிச்சான்' என்ற பேரில் குறுக்கெழுத்து போடுவது தன் கணவர்தான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு புதிரையும் அவள் விடுவித்துப் பார்ப்பாள். ஓரத்தில் சிவப்பு மையில் விமரிசனம் எழுதி, மார்க் போட்டு, போனில் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். தபாலில் போனது இப்போது போனில் போகிறது.

பாராட்டினால் அவருக்குப் பிடிக்காது. வாய்விட்டுத் திட்ட வேண்டும். திட்டு விழுந்தால்தான் புதிர் தேறியது என்று கணக்கு.

மிக என்றால்… அதி.

உறைப்பு என்றால் காரம்.

அதிகாரம்!

நாற்காலியோடு வராமல் வேறு எதோடு வரும்?

"அட பாவி மனுசா! நல்லா இருப்பீங்களா நீங்க!"

அடுத்த அறையில் சரசரப்பு நின்றது. சிரிக்கிறார். பார்க்காமலே தெரியும்.

அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. காலையிலிருந்து தன்னை இப்படி முட்டாளாக்கிய ஒருவர் மேல் இவ்வளவு பிரியம் வருவது என்ன நியாயமோ!

ஓரத்தில் எழுதினாள். 'ஒன்பது: அட்டகாசம். அநியாயம். பதினான்கு இழுவை, அதற்கு ஒன்றரை குறைத்தேன். பத்துக்கு எட்டரை.'

படம் பிடித்தாள். பத்திரிகையின் எண்ணைத் திறந்தாள்.

அனுப்பப் போன விரல் அப்படியே நின்றது.

திரையில் போன வாரம் அனுப்பிய படம் இருந்தது. அதே கட்டம். கறுப்புச் சதுரங்கள் அதே இடங்களில். ஒன்பதில் அதிகாரம்.

இப்போது எடுத்த படம்தான் தெரியாமல் போய்விட்டதோ?

தேதியைப் பார்த்தாள். போன புதன்கிழமை. கீழே உதவி ஆசிரியரின் நன்றிகூட இருந்தது.

குறிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஒரு சொல் மாறவில்லை. ஒரு கமா மாறவில்லை.



இரண்டு மூன்று நாளாக அகராதியும் கையுமாக உட்கார்ந்திருந்தாரே. சாப்பிடக் கூப்பிட்டபோதெல்லாம் 'இரு புள்ள, ஒண்ணு மாட்டிருச்சு' என்றாரே. அவ்வளவு நேரமும் போன வாரத்துப் புதிரையேவா திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்?

ஐயோ, என் சாமி.

பெங்களூரில் இருக்கும் மகள் பூங்கொடிக்குத் தெரிந்தால் அடுத்த வண்டியிலேயே வந்து நிற்பாள். வீட்டைப் பூட்டுங்கள், என்னோடு வாருங்கள் என்பாள்.

சொல்லாமலே விட்டுவிடலாமா? ஞாயிறு விடிந்ததும் பேப்பருக்காக வாசல் கேட்டில் போய் நிற்கிறவரிடம் எப்படி மறைப்பது?

சொல்லித்தான் ஆக வேண்டும். பதமாகச் சொல்ல வேண்டும்.

"ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க."

வந்தார். இன்னும் இரண்டு திட்டு வாங்கப் போகிற சந்தோஷம் முகத்தில். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தாளை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் போனை வைத்தாள்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பை எடுக்கவும் மறந்துவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஆமாங்க."

"நானா போட்டேன்?"

அவள் எழுந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"பயப்படாதீங்க. வயசானா வர்றதுதானுங்க. நாளைக்கே டாக்டரப் போய்ப் பாத்துக்கலாம். எல்லாத்துக்கும் நான் இருக்கறனுங்கல்ல."

அவர் போனில் இருந்த படத்தை விரலால் பெரிதாக்கினார். கட்டங்களைத் தாண்டி ஓரத்துக்குப் போனார்.

சிவப்பு மை.

'ஒன்பது: அட்டகாசம். அநியாயம். பதினான்கு இழுவை, அதற்கு ஒன்றரை குறைத்தேன். பத்துக்கு எட்டரை.'

மேசை மேல் இருந்த தாளைப் பார்த்தார். அதில் மை இன்னும் சரியாகக் காயவில்லை.

மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நான் மறந்துட்டேன். செரி. நீ ஏம்புள்ள காலையில இருந்து விடை தெரியாம முழிச்சே?"



போன புதன்கிழமை இதே ஒன்பதை விடுவித்த நேரத்தை அவள் நினைத்துப் பார்த்தாள். எங்கே உட்கார்ந்திருந்தாள்? என்ன சொல்லித் திட்டினாள்? அவர் சிரித்தாரா?

தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

தேற்றுவதற்காக வைத்த கை இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. இப்போது அதை ஊன்றிக்கொண்டுதான் நின்றாள்.